பெல்ட்டுக்கு மூடி இல்லாத கிரைண்டர்

எங்கள் தெருவில் கிரைண்டர் ஓடும் சத்தத்தை யாரும் கவனிப்பதில்லை. காலையில் ஏதாவது ஒரு வீட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அன்று எங்கள் வீட்டுக் கிரைண்டர் திடீரென்று முக்கி முனகியது. மாவு கெட்டியாகிவிட்டதோ, தண்ணீர் விட வேண்டுமோ என்று நினைத்தபடி அடுப்பிலிருந்து திரும்பினேன். என் மகள் கவிதா கிரைண்டருக்குப் பின்னால், சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தன் கை எங்கே போயிற்று என்று தேடுபவளைப் போலக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிப்போய் அவளைப் பிடித்து இழுத்தேன். இழுத்த பிறகுதான் அவள் கத்தினாள். அதற்கும் பிறகுதான் எனக்கு ஸ்விட்ச் ஞாபகம் வந்தது.

இதைப் படிக்கிற அம்மாக்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தை எந்த இயந்திரத்தில் சிக்கினாலும் குழந்தையைத் தொடும் முன் ஸ்விட்சை அணையுங்கள். நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். மோட்டார், கப்பி, பெல்ட் மூன்றையும் படம் வரைந்து, பாகம் குறித்து மார்க் வாங்கியவள். என் கண்ணெதிரே என் பிள்ளையின் விரல் பெல்ட்டுக்கும் கப்பிக்கும் நடுவில் இருந்தபோது அந்தப் படிப்பில் ஒரு எழுத்துகூட எனக்கு வந்து நிற்கவில்லை.

வலது கைச் சுட்டுவிரல். நடு மூட்டுக்கு மேலே முக்கால்வாசி அறுந்து, உள்ளங்கைப் பக்கத்துத் தோலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா என் சத்தம் கேட்டு வந்தார். வந்த வேகத்தில் சமையலறை அலமாரியில் இருந்த காபித்தூளை அள்ளிக் காயத்தில் அப்பிவிட்டார். ரத்தம் நிற்கும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். நான் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. மருத்துவமனையில் அந்தத் தூளை ஒவ்வொரு துகளாகக் கழுவி எடுத்த பிறகுதான் அறுவை சிகிச்சையைத் தொடங்கவே முடிந்தது என்று பின்னால் சொன்னார்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்துக்கொண்டு வந்தால் போதுமாம். விரல் முழுதாகத் துண்டாகியிருந்தால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டுமாம். ஐஸ் நேராகச் சதையில் படக்கூடாதாம். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது நான் சொல்கிறேன்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: "எப்படிம்மா ஆச்சு?"

"கிரைண்டர்ல கைய விட்டுட்டாளுங்க."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதானுங்க இருந்தேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இருந்ததாக இன்று எனக்குத் தோன்றவில்லை. அன்று அந்தப் பார்வை என் மேல் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். என் மாமனார் கேட்டார், என் அண்ணன் கேட்டார், எங்களைக் கொண்டுவந்த ஆட்டோக்காரர்கூடக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் பக்கத்துலதானுங்க என்று சொன்னேன். பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் பதில் சொல்ல இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

கை அறுவை சிகிச்சை நிபுணர் வந்து விளக்கினார். எலும்பை ஒரு மெல்லிய கம்பியால் கோத்து நிறுத்துவார்கள். விரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயையும், ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாயையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தைப்பார்கள். இரண்டரை வயதுக் குழந்தையின் ரத்தக் குழாய் ஒரு குண்டூசியின் தடிமன்கூட இருக்காது. தைக்கும் நூல் தலைமுடியைவிட மெலிது. முயற்சி செய்வோம், ஆனால் உயிர் பிடிக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். உயிர் என்று அவர் சொன்னது விரலின் உயிரை. எனக்கு அது புரிய நேரமாயிற்று. என் கணவர் செந்தில் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

அறுவை அரங்குக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் கைகளைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் அரிசி மாவு காய்ந்து வெள்ளையாக வெடித்திருந்தது. வளையல்களுக்கு இடையில் மாவும் ரத்தமும் சேர்ந்து காய்ந்திருந்தது. கழுவ எழுந்திருக்க முடியவில்லை. எழுந்து போகும் நேரத்தில் கதவு திறந்து யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அங்கேயே இருந்தேன்.

மதியம் என் நங்கை வந்தார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம். அவிநாசியிலிருந்து பஸ் ஏறி, தூக்குப்போசியில் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்திருந்தார். வாசலில் வாட்ச்மேன் நிறுத்தியிருக்கிறார்.

"ஏனுங்கம்மா, பாக்கற நேரம் இன்னும் ஆகலீங்க."

"நேரம் ஆகறதுக்குள்ள களி ஆறிருமுங்க சாமி. ஆறுன களிய நீங்க உண்பீங்களா?"

வாட்ச்மேன் சிரித்து விட்டுவிட்டாராம். அன்று முதல் தினமும் நங்கையின் தூக்குப்போசியில் அவருக்கும் ஒரு உருண்டை இருந்தது. நங்கை என்னிடம் எதையும் கேட்கவில்லை. என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், தன் முந்தானை நுனியை நனைத்து, என் கையிலிருந்த மாவைத் தேய்த்துக் கழுவிவிட்டார். நீ எங்க இருந்தே என்று கேட்காத ஒரே ஆள் அவர்தான். அதற்காகத்தான் அங்கே முதல்முறையாக அழுதேன்.

விரலைத் தைத்து முடித்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய காத்திருப்பு. கையை முழுக்கக் கட்டி, சுட்டுவிரலின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி விட்டிருந்தார்கள். நர்ஸ் அடிக்கடி வந்து அந்த நகத்தை அழுத்துவார். அழுத்தினால் நகம் வெளுக்கும். விட்டால் மறுபடி சிவக்க வேண்டும். சட்டென்று சிவந்தால் ரத்தம் வருகிறது. சிவக்கவே இல்லை என்றால் ரத்தம் வரவில்லை. நீலமானால், வந்த ரத்தம் திரும்பிப் போகவில்லை. அந்த நகத்தைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் எனக்கு நிறமாகத் தெரியவில்லை. அறை சூடாக இருக்க வேண்டும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். சிகரெட் புகை பட்டால் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும் என்று டாக்டர் சொன்ன அன்றே செந்தில் தன் சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை ஜன்னல் வழியாக எறிந்தார். அது கீழே நின்றிருந்த யாரோ ஒருவர் மேல் விழுந்து, அவர் மேலே பார்த்து நன்றி சொன்னார். அந்த அறையில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கிரைண்டர் செய்த ஆறுமுகம் அண்ணன் அடுத்த நாளே வந்தார். எங்களுக்குப் பின் தெருவில் பட்டறை வைத்திருப்பவர். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அவர் கிரைண்டர்தான். கையில் சாத்துக்குடிப் பை. கட்டிலுக்குப் பக்கத்தில் வரவே தயங்கி, கதவோரமே நின்றார். கண் கலங்கியிருந்தது.

"நெம்ப வெசனமா இருக்குதுங்க அம்மணி. எங்கூட்டுப் புள்ளைக்கு ஆனாப்பல இருக்குது."

"பரவால்லீங்ணா. நான்தானுங்க பாத்திருக்கோணும்."

அவர் தலையாட்டினார். முகம் கொஞ்சம் தெளிந்தது. பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, வாரேனுங்க என்று போனார். மரியாதையாக வந்தவரை மரியாதையாக அனுப்பி வைத்தோம் என்ற நினைப்புத்தான் எனக்கு. காலை மிதித்தவருக்கும், காபியைச் சேலையில் கொட்டியவருக்கும் எங்கள் வாயில் முதலில் வருகிற சொல் பரவால்லீங்க. யோசித்துச் சொல்வதே இல்லை.

அதற்கடுத்த நாள் விரல் நீலமாயிற்று. நர்ஸ் நகத்தை அழுத்திவிட்டு வேகமாக வெளியே போனார். ரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போகும் குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். விரல் நுனியில் சின்னதாகக் கீறி, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தைப் பஞ்சில் நனைத்து வைத்து, கறுத்த ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக வெளியேற விட்டார்கள். புதுக் குழாய்கள் தாமாக வளரும் வரை அப்படித்தான் விட வேண்டுமாம். என் பிள்ளையின் ரத்தம் சொட்டிக்கொண்டே இருப்பதுதான் நல்ல செய்தி என்று என்னிடம் சொன்னார்கள். அதை நம்பி உட்கார்ந்திருந்தேன். கவிதா பாதித் தூக்கத்தில், விரலு எங்கம்மா என்று கேட்டாள். இங்கதான் கண்ணு இருக்குது என்றேன். அது பொய்யாகிவிடக்கூடாதே என்று பயந்துகொண்டே சொன்னேன்.

விரல் மெல்ல மெல்ல நீலத்திலிருந்து ஊதாவுக்கும், ஊதாவிலிருந்து சிவப்புக்கும் வந்தது. விரல் தப்பித்துவிட்டது என்று டாக்டர் சொன்ன காலையில்தான் அந்தக் கேள்வியையும் கேட்டார்.

"கிரைண்டருக்குப் பின்னால பெல்ட் மூடி இல்லையாம்மா?"

"மூடிங்களா?"

"பெல்ட்டும் கப்பியும் வெளிய தெரியாம ஒரு தகடு இருக்கணும். அது இருந்தா விரல் உள்ள போகவே போகாது. இந்த ஊர்ல இந்த மாதிரி விரலைத் தைச்சுத் தைச்சு எனக்கே அலுத்துப் போச்சு."

மூடி என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. இத்தனை நாளும் என் கவனம், என் அடுப்பு, என் முதுகு என்றே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தகடு. அது இருந்திருந்தால் நான் திரும்பி நின்றது வெறும் திரும்பி நின்றதாகவே முடிந்திருக்கும். என் தவறு குறைந்ததில் ஆறுதல் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கு வந்தது அதிர்ச்சி மட்டும்தான். இவ்வளவு சின்ன விஷயமா என்ற அதிர்ச்சி.

வீட்டுக்கு வந்த அன்று வாசலிலேயே புளித்த நாற்றம். பாதி அரைத்த மாவு கிரைண்டரிலேயே பொங்கி வழிந்து தரையில் காய்ந்திருந்தது. நங்கைதான் கழுவினார். நான் கவிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சரோஜா அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேரன் அதன் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பெல்ட் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் மகள் உட்கார்ந்திருந்த அதே மாதிரி. நேராகப் போய் ஸ்விட்சை அணைத்தேன். சரோஜா அக்கா, மாவு பாதிதானே அம்மணி ஆயிருக்குது என்றார். நான் பையனைக் கைபிடித்து இந்தப் பக்கம் இழுத்தேன்.

அன்றுதான் செந்திலின் நண்பர் பிரபுவைப் பார்த்தோம். வக்கீல். நான் நினைத்திருந்ததைவிட எளிமையாகச் சொன்னார். காசு கொடுத்து வாங்கிய பொருளில் குறை இருந்து, அதனால் உடம்புக்குக் கேடு வந்தால் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுக்கலாம். பொருளை எதற்காகச் செய்தார்களோ அதற்காகவே நாம் பயன்படுத்தியிருக்க வேண்டும். வீட்டில் குழந்தை இருக்கும் என்பது செய்கிறவருக்குத் தெரியாத விஷயம் அல்ல; வீட்டுக்கென்று செய்யும் கிரைண்டரில் அதை நினைத்திருக்க வேண்டும்.

"அப்ப என்ர மேல தப்பே இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"அப்படியும் இல்லீங்க. தப்பு ஒருத்தர் தலைலதான் முழுசா விழோணும்னு சட்டம் சொல்லறதில்லீங்க. அவருக்கு இவ்வளவு, உங்களுக்கு இவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்கலாம்."

இத்தனை நாளில் என்னிடம் யாரும் சொன்னவற்றில் அதுதான் நியாயமாகப் பட்டது. ஒன்று முழுவதும் என் தவறு, அல்லது என் தவறே இல்லை என்றுதான் எல்லோரும் பேசினார்கள். என் பங்கு என்று ஒன்றை வைத்துக்கொண்டு வாழ என்னால் முடியும் என்று தோன்றியது.

பிறகு பிரபு பில் கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தெரிந்தவரிடம் வாங்கியதற்கு யார் பில் கேட்பார்கள்? கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமே. பிரபு நெற்றியைத் தேய்த்தார். இனி யாரிடம் எது வாங்கினாலும், சொந்த அண்ணனிடமே வாங்கினாலும், பில் வாங்கி வையுங்கள் என்றார்.

நங்கைக்கு வழக்கு பிடிக்கவில்லை. ஒறம்பரையாட்ட, சொந்தமாட்டப் பழகுன மனுசன் மேலயா என்று ஒரு நாள் முழுக்க முகம் கொடுக்காமல் இருந்தார். நான் அவரைச் சரோஜா அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போய் அந்தப் பையன் உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினேன். குனிந்து அந்தப் பெல்ட்டைப் பார்த்தார். பிறகு, கேசு போடறதுன்னா போடு, சண்டை மட்டும் வேண்டாம் என்றார். நாங்கள் முதலில் ஆறுமுகம் அண்ணனிடம்தான் போனோம். செய்கிற எல்லாக் கிரைண்டருக்கும், தெருவில் இருக்கிறவற்றுக்கும் மூடி போட்டுத் தரக் கேட்டோம். மூடி போட்டால் மோட்டார் சூடாகுதுங்க, தகடு அதிருதுங்க, வாங்கறவங்களே கழட்டிப் போடறாங்க என்று சிரித்தபடி மழுப்பினார். அதன் பிறகுதான் புகார்.

மன்றத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், ஒரு பக்கம் ஒரு பெண் உறுப்பினர். பில் இல்லாததால் கிரைண்டர் அவருடையதுதான் என்று நிரூபிக்க முடியாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடினார். தலைவர் ஆறுமுகம் அண்ணனையே கேட்டுவிட்டார். அவர் தன் வக்கீலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"என்ர கிரைண்டர்தானுங்க," என்றார்.

எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை அந்த நிமிடத்தில் திரும்பி வந்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

"ஆனா அம்மணியே ஆஸ்பத்திரில பரவால்லீன்னு சொல்லிருச்சுங்க. நான்தான் பாத்திருக்கோணும்னும் சொல்லுச்சுங்க. மனசறிஞ்சு சொன்ன பேச்சுத்தானுங்க அது?"

வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். புகார்தாரரே தவறை ஒப்புக்கொண்டு மன்னித்தும் விட்டார் என்றார். நான் சொன்ன சொல்தான். என் வாயிலிருந்து வந்ததுதான். யாரோ எழுதிக்கொடுத்து என் கையெழுத்தைப் போட்டுவிட்டது போல அது என் முன் வந்து நின்றது. சொன்னீங்களா என்று தலைவர் கேட்டார்.

"சொன்னேனுங்க," என்றேன்.

பெண் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றினார். "எதைப் பரவால்லீன்னு சொன்னீங்கம்மா?"

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"அவரு வந்து வெசனப்பட்டதுக்குச் சொன்னதுங்க. வெரலுக்குச் சொன்னதில்லீங்க. அப்ப மூடின்னு ஒண்ணு உண்டுங்கறதே எனக்குத் தெரியாதுங்க. தெரியாத ஒண்ண எப்படீங்க பரவால்லீம்பேன்?"

அந்த அம்மா எதையோ எழுதிக்கொண்டார். தலைவர் லேசாகச் சிரித்ததாக செந்தில் இன்றும் சொல்கிறார். நான் பார்க்கவில்லை.

தீர்ப்பு வர மாதங்கள் ஆயின. மூடி இல்லாமல் விற்றது பொருளின் குறைபாடு என்றது. ஓடும் இயந்திரத்தின் அருகே குழந்தையை விட்டதில் தாய்க்கும் பங்கு உண்டு என்று இழப்பீட்டில் ஒரு பகுதியைக் குறைத்தது. அந்த வரியைப் பிரபு மெதுவாகப் படித்தார், நான் உடைந்துவிடுவேனோ என்று. உடையவில்லை. அது என் பங்கு. எனக்குத் தெரிந்ததுதான். அதற்கடுத்த வரிதான் எனக்கு வேண்டியிருந்தது. இனி மூடி இல்லாமல் அவர் கிரைண்டர் விற்கக்கூடாது. விற்றவற்றுக்கும் போட்டுத் தர வேண்டும்.

ஆறுமுகம் அண்ணன் அப்பீல் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து தகடுகளை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தார். எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தார். அதற்குள் கவிதா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். அவள் சுட்டுவிரல் நுனி மூட்டில் மடங்காது. நகம் கொஞ்சம் வளைந்திருக்கும். அந்த விரலை நீட்டியபடியே பென்சில் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அவர் அவள் கையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

திருகாணிகளை முடுக்கி முடித்து நிமிர்ந்தார். "போதுமுங்களா அம்மணி?"

நான் கவிதாவின் பென்சிலை வாங்கி, குனிந்து, மூடியின் ஓரங்களில் வைத்துப் பார்த்தேன். மேலே போகவில்லை. பக்கவாட்டில் போகவில்லை. கீழே, தகடு தரையைப் பார்க்கிற இடத்தில், பென்சில் உள்ளே போயிற்று.

"இங்க சந்து இருக்குதுங்ணா."

அவர் குனிந்து பார்த்தார். "பென்சில் போற அளவுதானுங்களே," என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சொன்ன அந்தச் சொல் என் நாக்கு வரைக்கும் வந்தது.

"எங்க பாப்பா வெரலும் அந்த அளவுதானுங்ணா," என்றேன்.

அவர் உட்கார்ந்து, முடுக்கிய திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.